வீட்டுக்கு வாய்வு

கனடாவில் பெரும்பாலான வீடுகளில் சூடு காற்றாக வரும். கீழே ஃபர்னஸ் என்று ஒரு பெட்டி இருந்து ஊதும். தரையில் உள்ள துவாரங்களால் வெக்கை எழும்பும். எங்கள் வீட்டில் சூடு தண்ணீராக வரும்; ஹைட்ரோனிக் என்பார்கள். பேஸ்மண்டில் பொயிலர் தண்ணீரைச் சுடவைக்கும். பம்ப் அதைச் சுவரோரமாக ஓடும் செப்புக் குழாய்களுக்குள் தள்ளும். குழாயில் நெருக்கமாகக் கோத்திருக்கும் அலுமினியத் தகடுகள் அறையைச் சூடாக்கும். தூசி கிளப்பாத சூடு, மூக்கை வறளவைக்காத சூடு, சத்தமில்லாத சூடு என்று வீட்டை விற்றுத் தந்த ஏஜன்ற் சொன்னார். அவரும் தமிழர்தான். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதுக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கலியாண வீடு, பிறந்தநாள் என்று எங்கே போனாலும், வீட்டுப் பேச்சு வந்ததும் "எங்கட வீட்டில ஹைட்ரோனிக்" என்று ஓரிடத்தில் சொருகிவிடுவேன். கேட்டவர்கள் முகத்தில் அனுதாபம் தெரியும். ஒருவர், "அதுக்குக் குளிசை ஏதும் எடுக்கிறியளோ?" என்றே கேட்டார். நான் விடுவதில்லை. ஃபிரான்ஸ் சான் கல்லி என்பவர் 1850களில் ரஷ்யாவின் சென்ற் பீற்றர்ஸ்பேர்க்கில் ரேடியேற்றரை உருவாக்கிய கதையைத் தொடங்குவேன். அதன் 150ஆவது ஆண்டுக்காக 2005இல் சமாரா நகரத்தில் ரேடியேற்றருக்கு நினைவுச் சின்னமே வைத்தார்கள், அதற்கு மேலே ஒரு பூனையும் இருக்கிறது என்பேன். பூனை வரும் இடத்தில்தான் வழக்கமாக என் மனைவி, "இஞ்சேருங்கோ, சாப்பாடு போடுகினமாம்" என்று வந்து அவர்களை மீட்டுக்கொண்டு போவாள்.

இந்தப் பெருமைக்கு ஒரு பலவீனம் உண்டு. தண்ணீர் உறையும்போது கன அளவில் சுமார் 9 சதவீதம் பெருக்கும். செப்புக் குழாய் பெருக்காது, வெடிக்கும். பொயிலர் எரிந்து, பம்ப் சுற்றிக்கொண்டிருக்கும்வரை பயமில்லை. மின்சாரம் போய், வீட்டில் ஆளும் இல்லாமல் போனால்தான் கதை. நாங்களோ தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போகிற ஆட்கள். ரொறன்ரோவில் ஜனவரி மாதத்து இரவு −20 வரை இறங்குவது அபூர்வமில்லை. கொக்குவிலில் வெறும் மேலோடு முற்றத்தில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போதும் என் மனசு கராஜுக்கு மேல் உள்ள அறையில்தான் இருக்கும். அந்த அறை, முந்தின சொந்தக்காரர் பிறகு கட்டிச் சேர்த்தது. அதற்குப் போகும் குழாய், சூடே இல்லாத கராஜின் முகட்டுக்குள்ளால் போகிறது. அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்க இப்போது ஆள் இல்லை. புளோரிடாவுக்குப் போய்விட்டார். குளிர் தாங்கவில்லையாம்.

வீடு வெறுமையாகக் கிடந்தால் யாராவது ஒழுங்காக வந்து உள்ளே பார்க்க வேண்டும் என்பது காப்புறுதிக்காரரின் நிபந்தனை. அந்தப் பொறுப்பை மனைவியின் தம்பியிடம் கொடுத்திருந்தேன். மச்சான் பார்க்கிற விதம்: காரை வீதியில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, முன்கதவைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவது. "வீடு நிக்குது அத்தான்" என்று கீழே ஒரு வரி. வீடு நிற்பது எனக்கும் தெரியும். குழாய் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆகவே குழாய்களில் தண்ணீருக்குப் பதில் உறையாத திரவம் நிரப்புவது என்று முடிவெடுத்தோம். 'தோம்' என்றது மரியாதைக்கு. முடிவெடுத்தது நான். வந்த பிளம்பர் பொயிலரை ஒருமுறை சுற்றி நடந்து, ஒரு விலை சொன்னார். சொன்ன விலையை நடந்த தூரத்தால் வகுத்துப் பார்த்தேன். அந்த வீதத்தில் அவர் எங்கள் வீதி முனைவரை நடந்திருந்தால் வீட்டை அவருக்கே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். நான் தொழிலில் கணக்காளன். கூட்டல் பெருக்கல் தெரிந்தவனுக்கு வால்வு திருகுவது பெரிய காரியமா என்று எனக்குள் ஒரு எண்ணம். "உங்களுக்குப் பல்ப் மாத்தவே ஏணி பிடிக்க ரெண்டு பேர் வேணும்" என்றாள் மனைவி. நான் பதில் சொல்லவில்லை. ஏணியை இதற்குள் இழுப்பது நியாயமில்லை.

மச்சானிடம் விஷயத்தைச் சொன்னதும், "இதுக்கேன் யோசிக்கிறியள் அத்தான், காருக்கு விடுற பச்சைச் சாமான் மலிவா வரும், நாலு கலன் ஊத்திவிடுவம்" என்றான். எனக்கும் கொஞ்சம் சபலம்தான். ஆனால் காருக்கு விடுவது பெரும்பாலும் எதிலீன் கிளைக்கோல். அது நஞ்சு, அதிலும் இனிக்கிற நஞ்சு. ஒழுகினால் நாய் பூனை நக்கும், சிறுநீரகம் போகும். அதில் கார் எஞ்சினுக்காகச் சேர்க்கும் சிலிக்கேற் வகைகள் வீட்டுக் குழாய்களில் படியவும் கூடும். வீட்டுக்கு வேண்டியது புரொப்பிலீன் கிளைக்கோல், அதுவும் துருத் தடுப்பு மருந்து கலந்து, பொயிலருக்கென்றே விற்பது. பயணக் கரவன்களின் குடிநீர்க் குழாய்க்கு ஊற்றுகிற மலிவான இளஞ்சிவப்புச் சாமானும் சரிவராது. அது குளிரைத் தாங்கும், பொயிலரின் சூட்டுக்கென்று செய்ததில்லை. இதே புரொப்பிலீன் கிளைக்கோலைத்தான் கேக்குக்கு விடும் எசன்ஸ் பலவற்றிலும் கரைப்பானாகப் பாவிக்கிறார்கள் என்று மனைவிக்குச் சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னது. அன்றைக்கே அலுமாரியில் இருந்த வனிலாப் போத்தல் குப்பைக்குப் போனது.

எவ்வளவு கலப்பது? இங்கேதான் எனக்குச் சந்தோஷம் பிறந்தது, எண்கள் வந்துவிட்டன. 30 சதவீதம் கலந்தால் சுமார் −13 பாகை வரை உறையாது. 40 என்றால் −21 வரை. 50 என்றால் −33 வரை. அப்படியென்றால் 50ஐயே ஊற்றிவிடலாமே என்று எங்கள் ஆட்களுக்குத் தோன்றும். பருப்புக்கு நெய் என்றால் அப்படித்தான் விடுவோம். ஆனால் கிளைக்கோல் கூடக்கூடத் திரவம் தடிக்கும், பம்புக்குப் பாரம் கூடும், அது சுமக்கிற சூடும் குறையும். 40 சதவீதக் கலவை, தண்ணீர் சுமக்கிற சூட்டில் பத்தில் ஒரு பங்கைக் கீழே போட்டுவிட்டுத்தான் நடக்கும். மறுபக்கம் கஞ்சத்தனமாக 20க்குக் கீழே கலந்தால் துருத் தடுப்பு மருந்து போதாது, பக்ரீரியாவும் அதைத் தின்று வளரும். இன்னொன்றும் உண்டு: உறைநிலைக்குக் கீழே போனாலும் இந்தக் கலவை கட்டியாக இறுகாது, முதலில் சேறாகத்தான் திரளும். குழாய் வெடிப்பதற்கு அதைவிட நல்ல குளிர் வேண்டும். ஆகவே 40 போதும் என்று தீர்ப்பெழுதினேன்.

இனி வீட்டுக்குள் எத்தனை லீற்றர் என்று தெரிய வேண்டும். முக்கால் அங்குலச் செப்புக் குழாய் 30 மீற்றருக்குச் சுமார் 10 லீற்றர் பிடிக்கும். மனைவியின் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு வீடு முழுவதும் தவழ்ந்தேன். கட்டிலுக்குக் கீழே, சோபாவுக்குப் பின்னால், மாமியின் சாமி அறையில். மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, "தம்பி ஏன் அங்கப்பிரதட்சணம் பண்ணுறார்?" என்று மகளிடம் கேட்டது காதில் விழுந்தது. மகள் சொன்ன பதில் விழவில்லை, நல்லதுதான். மொத்தம் 120 மீற்றர். 40 லீற்றர். பொயிலர் முதலியவற்றுக்கு இன்னொரு 10. ஆக 50. அதில் கிளைக்கோல் 20 லீற்றர். கடையில் ஒரு வாளி 18.9 லீற்றர். அமெரிக்கக் கலன் கணக்கில் ஐந்து. எனக்கு வேண்டியது அதைவிட ஒரு லீற்றர் சொச்சம் கூட. அந்தச் சொச்சத்துக்காக இன்னொரு முழு வாளி வாங்கவேண்டி வந்ததை நினைத்தால் இன்றைக்கும் இரவில் நித்திரை குழம்பும்.

மிச்சம் 30 லீற்றருக்குக் குழாய்த் தண்ணீர் பிடித்தால் போதாதா? போதாது. தண்ணீரில் உள்ள கல்சியம் துருத் தடுப்பு மருந்தில் உள்ள பொஸ்பேற்றோடு சேர்ந்து வண்டலாக இறங்கும். காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும். கிணற்றில் அள்ளிக் குளித்து வளர்ந்தவன், பொயிலருக்குக் குடிக்கக் கொடுக்க என்று பல்பொருள் அங்காடியில் காசு கொடுத்துத் தண்ணீர்க் கலன்களை அடுக்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். காசாளப் பிள்ளை, "குழந்தைக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டது. ஓம் என்றேன்.

பொயிலரை நிறுத்தி, ஆறவிட்டு, பழைய தண்ணீரைத் திறந்துவிட்ட நாளில் வீட்டில் எல்லோரும் பேஸ்மண்டுக்கு வந்துவிட்டார்கள். வாளியில் விழுந்தது தண்ணீர் என்று சொல்ல முடியாது. கன்னங்கரேல் என்று, மை. மேலே மெல்லிய ஒரு வானவில் படலம். பழைய செப்புக்காசுப் பெட்டியைத் திறந்த மணம். வருஷக்கணக்காக இரும்பை மெல்ல மெல்லத் தின்ற தண்ணீர் அது. அந்தக் கறுப்பு, இரும்பு ஒக்சைட்டின் தூள். காந்தம் வைத்தால் ஒட்டும். வைத்துப் பார்த்தேன், ஒட்டியது. "உந்தத் தண்ணியிலயோ இவ்வளவு காலமும் குளிர் காய்ஞ்சனாங்கள்?" என்றாள் மனைவி. கிளைக்கோல் ஊற்றமுன் குழாய்களை நன்றாக அலச வேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். வாளியைக் கண்டவர்களுக்கு அதை எழுதிச் சொல்லத் தேவையில்லை.

குழாயில் ஒன்றும் இல்லாத இந்த நேரத்தில்தான் விரிவுத் தாங்கியையும் பார்க்க வேண்டும். சிவப்போ சாம்பலோ நிறத்தில் பொயிலர்ப் பக்கம் தொங்குகிற தகரக் குடுவை அது. உள்ளே ஒரு ரப்பர்ச் சவ்வு. ஒரு பக்கம் திரவம், மறுபக்கம் காற்று. சூட்டில் பெருக்கும் திரவம் அந்தக் காற்றை நெருக்கிக்கொண்டு இடம் பிடிக்கும். தண்ணீரைவிடக் கிளைக்கோல் கலவை கூடப் பெருக்கும் என்பதால் சிறிய தாங்கி திணறலாம். அடியில் காருக்கு இருப்பதைப்போன்ற காற்று வால்வு. அதில் சதுர அங்குலத்துக்கு 12 இறாத்தல் அழுத்தம் இருக்க வேண்டும். மகனின் சைக்கிள் பம்பை எடுத்து அடித்தேன். இந்த முழு வேலையிலும் எனக்கு முன் அனுபவம் இருந்தது இந்தப் பகுதிக்கு மட்டும்தான், ஆகவே தேவைக்கு மேலும் கொஞ்சநேரம் அடித்துவிட்டுப் பிறகு இறக்கினேன்.

பம்ப் இந்தத் தாங்கிக்கு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது பற்றி டான் ஹோலஹன் என்ற அமெரிக்கர் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். 'பம்பிங் அவே' என்று பெயர். தாங்கி சேரும் இடத்தில் அழுத்தம் மாறாது. பம்ப் அந்த இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தள்ள வேண்டும், அப்போதுதான் காற்று இலகுவாக வெளியேறும் என்பது சாரம். எங்கள் வீட்டுப் பம்ப் தாங்கியைப் பார்த்துக்கொண்டு தள்ளுகிறது. அதையும் புளோரிடாக் கணக்கில் எழுதிவிட்டேன்.

நிரப்புகிற முறை சொல்லக் கேட்டால் சுலபம். திரும்பி வருகிற குழாயில் ஒரு வால்வை மூடி, அதன் இரண்டு பக்கமும் உள்ள வடிகால் வாய்களில் ஒவ்வொரு தோட்டக் குழாயை மாட்ட வேண்டும். ஒன்றால் பம்ப் திரவத்தை உள்ளே தள்ளும். அது வீடு முழுவதும் சுற்றி மற்றதால் பீப்பாய்க்கே திரும்பிவரும். திரும்பும் குழாயின் நுனி பீப்பாய்த் திரவத்துக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் குமிழி தெரியும். குமிழி நிற்கும்வரை ஓடவிட வேண்டும். நகரத்துக் குடிநீர்க் குழாயில் இருந்து பொயிலருக்கு வரும் தானியங்கி வால்வைப் பூட்டிவிட வேண்டும். திறந்திருந்தால், எங்கேயாவது சொட்டுச் சொட்டாக ஒழுகும் கிளைக்கோலுக்குப் பதிலாக அது சத்தம் போடாமல் பச்சைத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும். மூன்றாம் வருஷம் குழாய்க்குள் பெயருக்குத்தான் கிளைக்கோல். குடிநீரோடு இந்தத் திரவம் கலந்துவிடக் கூடாது என்பதும் இருக்கிறது.

என்னிடம் இருந்த பம்ப், துளைபோடும் கருவியில் மாட்டிச் சுற்றுகிற சின்னச் சாமான். மலிவு விலையில் அகப்பட்டது. மச்சான் அதைப் பிடிக்க நான் பீப்பாயைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். திரும்பிவரும் குழாயால் குமிழி வந்தது. பிறகும் வந்தது. மச்சானின் கை மரத்து, கருவி சூடேறிப் புகை மணம் வந்த பிறகும் அதே சீரில் வந்துகொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து, கராஜ் கதவு திறந்து கிடந்ததால், பக்கத்து வீட்டுப் போர்த்துக்கேயக் கிழவர் உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் கட்டடங்களில் குழாய் பொருத்தி ஓய்வுபெற்றவர். மனுஷன் அதிகம் பேசமாட்டார். பம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பம்பைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்த் தன்னுடைய பம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

காற்றுக்கு மேலே போகத்தான் தெரியும். கீழ்நோக்கி வருகிற குழாயில் அதை இழுத்துக்கொண்டு வர வேண்டுமானால் திரவம் வினாடிக்குக் குறைந்தது இரண்டு அடி வேகத்தில் ஓட வேண்டும். முக்கால் அங்குலக் குழாயில் அது நிமிடத்துக்குச் சுமார் 12 லீற்றர். என் பம்ப் அதில் பாதிகூடத் தரவில்லை. திரவம் கீழே போக, குமிழி அதே இடத்தில் நின்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. இரண்டாவது, நான் எல்லாக் கிளைகளையும் ஒன்றாகத் திறந்து வைத்திருந்தேன். திரவம் சுலபமான கிளையால் ஓடிவிட்டு வரும். கராஜ் அறைப் பக்கம் எட்டியும் பார்க்காது. கிழவர் ஒவ்வொரு கிளையாகத் திறந்து, மற்றதெல்லாம் மூடினார். பிறகு பம்பைப் போட்டார்.

அவருடைய பம்ப் பம்ப்தான். திரும்பிவரும் குழாய் பீப்பாயை விட்டு எழும்பி நின்று, ஒரு கணம் எங்கள் எல்லோரையும் பார்த்துவிட்டு, மச்சானைத் தெரிவு செய்தது. நெற்றி, சேட், புதுச் சப்பாத்து. புரொப்பிலீன் கிளைக்கோல் தரையில் விழுந்தால் எவ்வளவு வழுக்கும் என்பதை எந்தப் புத்தகமும் போதிய அளவு சொல்வதில்லை. மச்சான் எழும்பினான், இருந்தான், மறுபடி எழும்பினான். "அத்தான், இது உண்மையிலேயே இனிக்குது" என்றான். கிழவர் குழாயைப் பிடித்துப் பீப்பாய்க்குள் அமுக்கி, ஒரு செங்கல்லை மேலே வைத்தார். பிறகு முதல்முறையாக வாய் திறந்து, குளியலறை எங்கே என்று மச்சானுக்குக் காட்டச் சொன்னார்.

குமிழி குறைந்தது. பால் நிறமாக வந்த திரவம் மெல்ல மெல்லத் தெளிந்தது. திரும்பும் பக்கத்தை முதலில் மூடி, அழுத்தமானி 12 இறாத்தலுக்கு மேல் கொஞ்சம் ஏறியதும் உள்ளே போகும் பக்கத்தையும் மூடினார். 12 இறாத்தல் திரவத்தைச் சுமார் 27 அடி உயரத்துக்குத் தூக்கும். இரண்டு மாடி வீட்டுக்குத் தாராளம். 30க்குப் போனால் பாதுகாப்பு வால்வு திறந்து எல்லாவற்றையும் தரையில் கக்கிவிடும். பொயிலரைப் போட்டோம். சூடு வந்தது. கிழவருக்குத் தேத்தண்ணியும் வடையும் கொடுத்தோம். நான் வெற்றிவீரனாகப் படுக்கைக்குப் போனேன்.

நடுச்சாமத்தில் சுவர் பேசத் தொடங்கியது. முதலில் களுக், களுக். பிறகு நீண்ட ஒரு உருட்டல், படுக்கையறையில் தொடங்கிச் சாமி அறைவரை போய், அங்கே ஒரு ஏப்பத்தோடு முடிந்தது. மாமி விளக்கைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கொஞ்சநேரம் சுவரில் காதை வைத்துக் கேட்டார். எழுபது வருஷ அனுபவம் உள்ள தீர்ப்பு அது: "வீட்டுக்கு வாய்வு, தம்பி. கண்ட கண்டதையும் ஊத்தினா இப்பிடித்தான். சுடுதண்ணியில ஓமத்தைப் போட்டு ஊத்திப் பாருங்கோ."

ஓமம் ஒன்றைத் தவிர மாமி சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. குளிர்ந்த தண்ணீர் கூடுதலான காற்றைக் கரைத்து வைத்திருக்கும்; சூடேறினால் அந்தக் காற்று கழன்று வெளியே வரும். அழுத்தத்துக்கும் கரையும் காற்றுக்கும் உள்ள தொடர்பை வில்லியம் ஹென்றி என்ற ஆங்கிலேயர் 1803இலேயே எழுதி வைத்துவிட்டுப் போனார். ஆகவே நிரப்புகிற அன்று வெளியேற்றுவது முதல் தவணைதான். பொயிலர் சூடாகச் சூடாக, திரவத்துக்குள் ஒளிந்திருந்தது குமிழியாகி, போய் உயரமான இடங்களில் குந்தும். அங்கே திரவம் தட்டுப்படும், அறை குளிரும், பொயிலரில் குறையே இருக்காது.

அதை விடுவிக்க ஒவ்வொரு அறையிலும் ஹீற்றரின் ஒரு முனையில், முழங்கைக் குழாயில், சின்னப் பித்தளைத் திருகு ஒன்று இருக்கிறது. பழைய வார்ப்பிரும்பு ரேடியேற்றருக்குச் சதுரக் கண் சாவி வேண்டும். எங்களுடையதுக்கு ஸ்குரூ டிரைவர் போதும். பம்பை நிறுத்திவிட்டு, கீழே ஒரு கோப்பையைப் பிடித்துக்கொண்டு, திருகைக் கால் சுற்று மட்டும் திறக்க வேண்டும். முதலில் உஸ் என்று ஒரு மூச்சு. வெறும் காற்று, சூடான, கொஞ்சம் தித்திப்பான மணம். பிறகு துப்பல்: துப்பும், நிற்கும், துப்பும். அதன்பிறகு நூலாக ஒரு ஓட்டம். அது முறியாமல் ஓடினால் பூட்டலாம். அவசரப்பட்டுத் துப்பலோடு பூட்டினால் அடுத்த நாளும் வந்து அதே இடத்தில் குப்புறப் படுக்க வேண்டும். காற்று விட்ட அளவுக்கு அழுத்தம் இறங்கும், ஆகவே மறுபடி பேஸ்மண்டுக்கு ஓடி மேலதிகத் திரவம் கொஞ்சம் ஏற்ற வேண்டும். நான் வேலையால் வந்ததும் சட்டையைக் கழற்றமுன் கோப்பையை எடுப்பதும், "அப்பா திருப்பியும் சுவருக்கு ஊசி போடுறார்" என்று மகன் கூட்டாளிக்குத் தொலைபேசியில் சொல்வதும் வழக்கமாகிவிட்டது.

இதற்கிடையில் என் கணக்குப் புத்தகத்தில் ஒரு பிழை நெருடிக்கொண்டே இருந்தது. 50 லீற்றர் கலந்தேன். பீப்பாயில் 5 லீற்றர் மிச்சம். அப்படியானால் உள்ளே போனது 45. மற்ற 5 லீற்றரின் இடத்தை யார் பிடித்துக்கொண்டார்கள்? எல்லாமே காற்றாக இருந்தால் வீடு முழுவதும் உருண்டிருக்கும். இதைத் தீர்க்க ஒரு முறிவுமானி வாங்கினேன். கைக்கு அடக்கமான குழல். ஒரு முனையில் சாய்ந்த கண்ணாடி. கண்ணாடியில் ஒரு துளி திரவத்தை விட்டு, மூடியை அமத்தி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். உள்ளே மேல்பாதி நீலம், கீழ்ப்பாதி வெள்ளை. இரண்டும் சந்திக்கும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் உறைநிலை. காருக்கென்று விற்கும் மிதவைமானியை இதற்கு நம்ப முடியாது. அது எதிலீன் வகைக்கு அளவிட்டது. என் கோடு −21இல் நிற்கும் என்று போனேன். −17இல் நின்றது.

காற்றல்ல, பழைய தண்ணீர். குழாய் வளைந்து தாழும் இடங்களில் எல்லாம் வடியாமல் தங்கியிருந்து, நான் காசு கொடுத்து வாங்கிய கிளைக்கோலை மெல்லக் குடித்திருக்கிறது. கணக்காளனுக்கு இதைவிட இனிப்பான செய்தி இல்லை: 20 லீற்றரை 55ஆல் வகுத்தால் 36 சதவீதம். புத்தகம் சரி. நாலு லீற்றர் கலவையை வெளியே எடுத்துவிட்டு, நாலு லீற்றர் கலப்பில்லாத கிளைக்கோலை ஏற்றினேன். ஓடிக் கலந்தபின் கோடு −22. பேரேட்டை மூடி மனைவியிடம் காட்டினேன். "இப்ப வீடு சூடோ?" என்று மட்டும் கேட்டாள். உண்மையைச் சொன்னால், முன்னையைவிடக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் சூடேறுகிறது. அந்தப் பத்தில் ஒரு பங்கு எங்கேயாவது தெரியத்தானே வேண்டும். ஒரு ஸ்வெற்றர் வாங்கிக் கொடுத்தேன். அதையும் இந்தச் செலவில்தான் எழுதியிருக்கிறேன்.

சத்தம் படிப்படியாக ஓய்ந்தது. ஓயாமல் போனது என்னுடைய வியாதி. காலையில் பல் துலக்கமுன் அழுத்தமானியைப் பார்க்கிறேன். விருந்தாளி வந்தால் தேத்தண்ணிக்கு முன் பேஸ்மண்டுக்குக் கூட்டிப்போகிறேன். மற்றவர் வீட்டுக்குப் போனால் அவர்கள் பேசிக்கொண்டிருக்க நான் சுவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சான் கல்லியும் பூனையும் இப்போது முன்னுரைதான். வந்தவர்களுக்கு முழுப் பிரசங்கம் இருக்கிறது.

கேட்பவர்களுக்கு நான் சொல்லும் தீர்ப்பு இது. மாரி முழுவதும் வீட்டில் ஆள் இருக்கும் என்றால், குளிர்ந்த இடத்துக்குள்ளால் குழாய் போகவில்லை என்றால், கிளைக்கோல் பக்கம் போகாதீர்கள். சூட்டைச் சுமக்கத் தண்ணீருக்கு மிஞ்சி ஒன்றில்லை, காசும் மிச்சம். வீட்டைப் பூட்டிப் போட்டு ஊருக்குப் போகிறவர்கள், கராஜுக்கு மேல் அறை உள்ளவர்கள், குளிர்காலத்தில் போகாத ஏரிக்கரை வீடு வைத்திருப்பவர்கள் நிரப்புங்கள். நிரப்பியபின் பொயிலரில் ஒரு காகிதம் ஒட்டுங்கள்: என்ன வகை, எத்தனை சதவீதம், எந்தத் திகதி. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் உறைநிலையோடு அமிலத்தன்மையையும் தாளில் தோய்த்துப் பாருங்கள்; பிஎச் 7க்குக் கீழே இறங்கினால் கிளைக்கோல் புளிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், மாற்ற வேண்டியதுதான். பம்பைச் சின்னதாக வாங்காதீர்கள். மச்சானுக்குப் பழைய சப்பாத்து போட்டுவரச் சொல்லுங்கள்.

இரண்டாவது வாளியில் 13 லீற்றர் சொச்சம் இன்னும் பேஸ்மண்டில் கிடக்கிறது. தேவையானவர்கள் வந்து எடுக்கலாம். வாங்கிய விலைக்கே தருகிறேன். கொண்டுபோக ஏனம் நீங்கள் கொண்டுவர வேண்டும். வாளி எனக்கு வேணும்.